அடுப்போடு ஓடியவன்

பல் டாக்டர் நம்மை வாயைத் திறக்கச் சொன்னால் திறந்துவிடலாம். அவரே வாயைத் திறந்தால்தான் ஆபத்து. அன்று காலை அந்தம்மா கிளினிக் கதவைச் சாத்திவிட்டு, நோயாளி நாற்காலியில் எங்கள் மேடத்தை உட்கார வைத்து, கையில் குறடோடு பேசினார். கீழே வைக்க மறந்துவிட்டார் என்று முதலில் நினைத்தேன். மறக்கவில்லை.

"எனக்கு மன்னிப்பு எல்லாம் வேணாம் மேடம். அந்தக் கேப்டன் மூக்கு அறுபடணும். நாளைக்கே. ஊரே பாக்க."

"அப்படியா?" என்றார் மேடம்.

எங்கள் மேடம் எதற்கும் 'அப்படியா' என்பார். வீடு பற்றி எரிகிறது என்றாலும் அப்படியாதான். அதனால் 'அப்படியா மேடம்' என்றே பேர் நிலைத்துவிட்டது. துப்பறிய வருமுன் கப்பல் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். மூழ்கிப்போச்சு என்று முதலாளிகள் ஒப்பாரி வைத்த எத்தனையோ கப்பல்களைப் பக்கத்துத் துறைமுகத்தில் புதுப் பெயிண்டோடு கண்டுபிடித்தவர். நான் அவருக்கு உதவியாளன். அவர் என்னைக் கூப்பிடும் பேர் 'ஓட்டைவாய்'. காரணம் போகப் போகத் தெரியும்.

கேப்டன் விஷயம் எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். போர்க்காலத்தில் அவர் ஓட்டியது 'அடங்காப்பிடாரி' என்ற இழுவைக் கப்பல். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுக்கிற சின்னக் கப்பல், ஆயுதம் கிடையாது. ஒரு பனிக்காலத்தில் எதிரியின் நீர்மூழ்கி ஒன்று துறைமுக வாசலுக்கே வந்துவிட்டதாம். கேப்டன் சளைக்காமல் புகைபோக்கிக் குழாயைக் கழற்றிப் பீரங்கி மாதிரி திருப்பினாராம். நீர்மூழ்கிக்காரன் அலறிப் புடைத்து ஓடி மணல்திட்டில் ஏறி மாட்டிக்கொண்டானாம். பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிறது.

கதைக்கு இன்னொரு பாதி உண்டு. அதே கப்பலில் ஒரு சமையல்காரர். நீர்மூழ்கியைப் பார்த்ததும் அவர் கப்பலின் பின்னால் கட்டியிருந்த சின்னப் படகில் குதித்து, கயிற்றை அறுத்துவிட்டு ஓடிவிட்டாராம். அதுவும் சமையலறை அடுப்பைத் தூக்கிக்கொண்டு! படகு அப்புறம் காலியாக மிதந்து வந்தது. அடுப்பு இருந்தது, ஆள் இல்லை. அன்றிலிருந்து எங்கள் ஊரில் பந்துக்குப் பயந்து குனிகிற பையனைக்கூட, "என்னடா, அடுப்பைத் தூக்கிட்டியா?" என்றுதான் கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன்.

அந்தச் சமையல்காரரின் ஒரே மகள்தான் பல் டாக்டர்.

"ஸ்கூல்ல என் டெஸ்க் மேல மண் அடுப்பு ஒண்ணைச் செஞ்சு வெச்சாங்க," என்றார். "எங்கம்மா சாகற வரைக்கும் 'அடுப்பு'ங்கற வார்த்தையைச் சொன்னதில்லை. 'அதை அணைச்சியா', 'அதுல தண்ணி வெச்சியா'ன்னுதான் கேப்பா. நாளைக்கு அந்தக் கப்பலை மியூசியமாத் திறக்கறாங்க. எங்கப்பா படகையும் வெக்கறாங்க, 'கோழையின் படகு'ன்னு போர்டு போட்டு. அந்தப் போர்டு இறங்கணும். அதை எழுதின ஆளும் இறங்கணும்."

அறை மூலையில் டங், டங் என்று சத்தம். ஒரு பெரியவர் தரையில் உட்கார்ந்து பல் கருவிகளுக்குக் காற்றடிக்கும் பழைய மெஷினைப் பிரித்துக்கொண்டிருந்தார். கப்பலில் இன்ஜின்காரராக இருந்தவர். சமையல்காரர் போனபிறகு அந்த வீட்டுக்கு அரிசி பருப்பு சுமந்தவர், பிறகு டாக்டரின் அம்மாவையே கல்யாணம் செய்துகொண்டவர். மியூசியத்துக்காக அந்தக் கப்பலைக் காசு வாங்காமல் புதுப்பித்துக் கொடுத்தவரும் அவர்தான் என்றார் டாக்டர். டாக்டருக்கு அவர் வளர்த்த அப்பா.

"வேணாம்மா," என்றார் அவர், தலை நிமிராமல். "கேப்டன் பெரிய இடம். பழசைக் கிளறி என்ன ஆகப் போகுது?"

"நீங்கதானேப்பா சின்ன வயசுலேருந்து சொன்னீங்க, கேப்டன்தான் அப்பா பேரைக் கெடுத்தான்னு?"

"சொன்னேன்தான்..." மறுபடி டங், டங்.

"ஸ்பேனர் இல்லையா பெரியவரே?" என்றேன்.

"துருப்பிடிச்ச போல்ட்டுக்கு ஸ்பேனர் வேலைக்காகாது தம்பி. உளிதான். உளி சொன்னா எதுவும் கேக்கும்." சிரித்தார். நல்ல சிரிப்பு. எனக்கு அவரைப் பிடித்துப்போனது. என் லட்சணம் அப்படி.

துறைமுகத்தில் அடங்காப்பிடாரி புதுப்பெண் மாதிரி நின்றது. எங்கே தொட்டாலும் பெயிண்ட் கையோடு வந்தது. கேப்டன் மேல்தளத்தில் பத்திரிகைக்காரர்களைச் சேர்த்து வைத்து, வழக்கமான கச்சேரியை நடத்திக்கொண்டிருந்தார். வெள்ளை மீசை, வெண்கலக் குரல், எழுபதைத் தாண்டியும் தளராத முதுகு.

"அன்னைக்குப் பனின்னா உங்க வீட்டுப் பனி எங்க வீட்டுப் பனி இல்லை! கையை நீட்டினா விரல் தெரியாது! அந்தப் பனியில குழாயைத் திருப்பினேன் பாருங்க, சப்மரீன்காரன் பாத்தான், வெலவெலத்துட்டான்!"

கைதட்டல். நான் மேடத்தின் காதில் சொன்னேன்: "விரல் தெரியாத பனியில குழாய் மட்டும் எப்படித் தெரிஞ்சுதாம்? சீரியல் பல்பு கட்டியிருந்தாரா?"

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஓட்டைவாய், வேலைக்குச் சேந்ததுலேருந்து இன்னைக்குத்தான் உருப்படியா ஒண்ணு பேசியிருக்கே."

"என்ன பேசினேன்?"

"கதையில எது நிஜம், எது ஜோடனைன்னு பிரிச்சே. சப்மரீன் மணல்ல ஏறினது நிஜம். ஃபோட்டோ இருக்கு, அதுல எதிரி ஆளுங்க கையைத் தூக்கிட்டு நிக்கறாங்க. ஆனா குழாயைப் பாத்து ஓடலை, ஏன்னா குழாய் தெரிஞ்சிருக்காது. வழி தெரியாத பனியில ஒருத்தன் மணல்திட்டுல ஏறறான்னா, எதையோ பாத்து அதும் பின்னாடியே போயிருக்கான். எதைப் பாத்தான்?"

"மேடம், கேள்வி கேக்கத்தான் உங்களை வெச்சிருக்காங்க. பதில் சொல்ல என்னை வெச்சிருக்கீங்களா?"

"படகைப் பாக்கலாம், வா."

படகு, கரையோரக் கொட்டகையில் இருந்தது. இவ்வளவு காலமும் சுங்கக் கிடங்கில் பூட்டிக் கிடந்ததை முந்தின நாள்தான் எடுத்து வந்திருந்தார்கள். பெயிண்ட் அடிக்கவில்லை. கோழையின் படகுக்குப் பெயிண்ட் ஒரு கேடா என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. அந்த அலட்சியம்தான் எங்களுக்குக் கடவுள் மாதிரி வந்து உதவியது.

பல் டாக்டர் போர்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். மேடம் படகுக்குள் எட்டிப் பார்த்தார். நடுவில் இரும்புத் தகட்டின் மேல் அடுப்பு, அதைச் சுற்றி எரிந்து மிஞ்சிய தார்ச்சாக்கு. முன்பக்கம் ஒரு கழியை நட்டு, ஆள் உயரத்துக்கு மேலே அரிக்கேன் விளக்கைக் கட்டியிருந்தது. பக்கவாட்டுப் பலகை ஒன்று உடைந்து உள்ளே மடங்கியிருந்தது.

"டாக்டர், உயிருக்குப் பயந்து ஓடறவங்க என்ன பண்ணுவாங்க?"

"ஒளிவாங்க."

"உங்கப்பா தலைக்கு மேல விளக்கைக் கட்டியிருக்கார். அடுப்புல தார்ச்சாக்கைப் போட்டுப் புகை கிளப்பியிருக்கார். ஒளியறவர் செய்யற வேலையா இது?"

எனக்கே பொறி தட்டியது. "பனியில தூரத்துலேருந்து பாத்தா விளக்கு, புகை, தணல். இது குட்டிப் படகு மாதிரித் தெரியாது மேடம். ஒரு கப்பல் மாதிரித் தெரியும்!"

"தூண்டில் போட்டிருக்காங்க," என்றார் மேடம். "இழுவைக் கப்பல் விளக்கை எல்லாம் அணைச்சிட்டு முன்னாடி போகுது. நீளக் கயிறுல பின்னாடி இந்தப் படகு வெளிச்சத்தோட வருது. எதிரி வெளிச்சத்தைத் துரத்துவான். துரத்தறவனை மணல்திட்டுப் பக்கமா இழுத்துட்டுப் போகலாம். உங்கப்பா அடுப்பைத் தூக்கிட்டு ஓடலை டாக்டர். அடுப்போட தூண்டில்ல உக்காந்தார்."

டாக்டர் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. தாடை இறுகியது. "அப்ப கயிறை அறுத்தது யாரு?"

"நல்ல கேள்வி. ஓட்டைவாய், தெருவுல ஒரு நாய் ஓடி வருது. கழுத்துல முழுச் சங்கிலியும் தொங்குது, தரையில இழுபட்டுட்டே வருது. நாயா அறுத்துக்கிட்டு வந்தது?"

"அறுத்திருந்தா கழுத்துல துண்டுதானே இருக்கும்? முழுச் சங்கிலின்னா வீட்டுக்காரன் அவுத்து விட்டிருக்கான்."

மேடம் படகின் மூலையைக் காட்டினார். அங்கே கயிறு சுருட்டி வைத்திருந்தது. ஒரு தெருவையே சுற்றி வரும் நீளம். "படகுல இருக்கறவர் அறுத்தா, கையருகே அறுப்பார். படகுல துண்டுதான் மிஞ்சும், மீதி கப்பலோட போகும். இங்க முழுக் கயிறும் படகுல இருக்கு. தண்ணியில தொங்கினா படகு சுத்தும்னு இழுத்து ஒழுங்காச் சுருட்டியும் வெச்சிருக்கார், பாவம். அறுத்த கை கப்பல்ல இருந்த கை."

டாக்டர் போர்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நேராகக் கப்பலேறினார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

சுக்கான் அறையில் கேப்டன் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் போர்டை அவர் மடியில் வைத்தார். டீ சிந்தியது. மேடம் விளக்கு, புகை, கயிறு மூன்றையும் மூன்றே வாக்கியத்தில் சொன்னார். கேப்டனின் வெண்கலக் குரல் ஈயமாகிவிட்டது.

"ஐடியா அவனோடதுதான்," என்றார் கடைசியில். "நானே போறேன், அடுப்பும் விளக்கும் இருந்தா போதும்னு அவன்தான் சொன்னான். நான் சுக்கானைப் பிடிச்சிட்டிருந்தேன். திடீர்னு கப்பல் குதிச்சு முன்னால போச்சு. திரும்பிப் பாத்தா வெளிச்சம் விலகிப் போயிட்டிருக்கு. 'வெட்டிட்டு ஓடிட்டான்'னு பின்னாலேருந்து குரல் வந்துது. நம்பினேன். காலையில பாத்தா சப்மரீன் மணல்ல. எல்லாரும் என்னை மாலை போட்டுத் தூக்கினாங்க. ஓடிப்போனவனுக்கு எதுக்குப் பேருன்னு அவன் ஐடியாவை நான் முழுங்கிட்டேன். குழாய், பீரங்கி எல்லாம் அப்புறம் முளைச்சுது. வருஷா வருஷம் பெருசாச்சு."

"யார் குரல்?" என்றார் மேடம்.

"காத்து, இன்ஜின் சத்தம்... தெரியலை. கயிறு கட்டற ஆள் ஒருத்தன் பின்பக்கம் இருந்தான். அவன் செத்துட்டான்."

"செத்தவங்க மேல பழி போடறது உங்களுக்குப் புதுசா என்ன?" என்றார் டாக்டர். "படகுல நீளக் கயிறு கிடக்கறதை ஒரு தடவைகூடப் பாக்கலையா நீங்க? கயிறோடவே பொறந்து வளந்த ஆளு?"

"அந்தப் படகைப் போய்ப் பாக்கற தைரியம் எனக்கு இல்லைம்மா." எனக்கு இரக்கம் வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அந்தச் சோற்றையும் ஊர் கையாலேயே ஊட்டிக்கொண்ட ஆள்.

"நாளைக்கு மைக்குல இதையே சொல்லுங்க," என்றார் டாக்டர். "ஒரு வார்த்தை குறையாம. இல்லேன்னா நான் சொல்வேன். நான் சொன்னா இன்னும் கேவலமா இருக்கும்."

"சொல்றேன். திறப்பு விழாவுல ரிப்பனுக்குப் பதிலாக் கப்பல் கயிறுதான் கட்டறோம். அதை நீயே வெட்டும்மா."

வெளியே வந்ததும் டாக்டர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு. பழி தீர்ந்த முகம். வளர்த்த அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னார். எங்களுக்கும் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார். எனக்கும் வயிற்றுக்குள் பசி மணி அடித்தது. மேடம் மட்டும் நகரவில்லை.

"வழக்கு முடிஞ்சுது மேடம். சாப்பிடப் போலாமா?"

"அப்படியா?"

போச்சு. அந்த 'அப்படியா' எனக்குத் தெரியும். அதற்கப்புறம் சாப்பாடு கிடையாது.

மேடம் பையிலிருந்து ஒரு கயிற்றுத் துண்டை எடுத்து நீட்டினார். படகுக் கயிற்றின் வெட்டுப்பட்ட முனை, மேடம் எப்போது நறுக்கினாரோ! "முனையைப் பாரு. கத்தியால கயிறை அறுத்தா இழை இழையா, ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டைன்னு பிரஷ் மாதிரி இருக்கும். இது?"

தட்டையாக இருந்தது. எல்லா இழையும் ஒரே கோட்டில் நின்று, நசுங்கி, ஒட்டிப்போயிருந்தது.

"ஏதோ இரும்பு மேல வெச்சு ஒரே அடியில துண்டாக்கியிருக்கு," என்றேன்.

"மேல்தளத்துல வேலை செய்யறவன் எல்லாம் இடுப்புல கத்தி வெச்சிருப்பான். கயிறு காலைச் சுத்தினா உயிர் போயிடும், அதனால கத்தியில்லாம ஒருத்தனும் வர மாட்டான். கயிறு கட்டற ஆள் வெட்டியிருந்தா கத்தியால வெட்டியிருப்பான். இது கத்தி இல்லாதவன் வேலை."

கப்பலின் பின்பக்கம் போனோம். கயிறு கட்டும் குட்டை இரும்புத் தூண்கள் வரிசையாக இருந்தன, முழங்கால் உயரம். மேடம் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். எல்லாவற்றிலும் கயிறு உரசிய தழும்பு இருந்தது. பெயிண்டுக்கு மேலேயே கைக்குத் தட்டுப்பட்டது. நடுத் தூண் ஒன்று மட்டும் தலைமாட்டில் வழவழவென்று இருந்தது. மேடம் நகத்தால் சுரண்டினார். பெயிண்ட் உரிந்தது, அடியில் பட்டி. இரும்பு ஓட்டையை அடைக்கிற பட்டி. அதையும் நோண்டினார், பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே ஒரு நேர்க்கோட்டு வெட்டு.

"கயிறு உரசற இடத்துல யாராவது பட்டி பூசுவாங்களா? ஒரு தடவை கயிறு இழுத்தா கையோட வந்துடும். மேல்தளத்து ஆளுங்க சத்தியமா பூச மாட்டாங்க. யாருக்கு ஓட்டையைப் பாத்தா அடைக்காம இருக்க முடியாது? யாருக்கு இரும்புன்னா பட்டி, பட்டின்னா பெயிண்ட்? யாரு கையில கத்தி இல்லாம..."

"உளி!" என்று கத்திவிட்டேன். "உளியும் சுத்தியலும்! இன்ஜின்காரர்! அவர்தானே மேடம் இந்தக் கப்பலைச் சும்மாவே புதுப்பிச்சுக் கொடுத்ததாச் சொன்னாங்க டாக்டர்? பிள்ளையையும் கிள்ளிட்டுத் தொட்டிலையும் ஆட்டியிருக்கானே பாவி!"

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். அவர் ஏன் மூடினார் என்று திரும்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. பல் டாக்டர் என் பின்னால் நின்றார். மறந்துவைத்த கைப்பையை எடுக்க வந்திருக்கிறார்.

என் வாயைத் தைத்திருக்கலாம். டாக்டர் குனிந்து அந்த வெட்டில் விரலை வைத்துப் பார்த்தார். அவ்வளவு கவனமாக, ஒரு பல்லின் பொத்தலைப் பார்ப்பது மாதிரி.

"அவர் எனக்குச் சைக்கிள் ஓட்டக் கத்துக் கொடுத்தார்," என்றார். அப்புறம் நிமிர்ந்து, "வேற ஏதாவது இருக்கா மேடம்? முழுசாச் சொல்லிடுங்க."

"விளக்கு இருக்கு," என்றார் மேடம். "திரியைப் பாத்தேன். உச்சத்துக்கு ஏத்தி விட்டிருக்கு. தகரம் வரைக்கும் எரிஞ்சு தீஞ்சிருக்கு. கயிறு போனதும் உங்கப்பா விளக்கை அணைச்சிருந்தா பனியில தப்பிச்சிருக்கலாம். அவர் அணைக்கலை. எண்ணெய் தீர்ற வரைக்கும் எரிய விட்டிருக்கார். படகு நீரோட்டத்துல திட்டுப் பக்கமாப் போயிருக்கு, சப்மரீன் அவர் பின்னாடியே வந்திருக்கு. திட்டு மேல குட்டிப் படகு மிதந்து போயிடும். சப்மரீன் போகுமா? அங்கதான் ஏறி உக்காந்துது. பக்கப் பலகை உடைஞ்சிருக்கே, அது சப்மரீன் இடிச்ச இடி, அதுலதான் உங்கப்பா கடல்ல விழுந்திருக்கணும். இந்த ஊரைக் காப்பாத்தினது கேப்டனும் இல்லை, கப்பலும் இல்லை. கைவிட்டப்புறமும் விளக்கை அணைக்காத ஒரு ஆள்."

இப்போது டாக்டர் அழுதார். சத்தமில்லாமல், நின்றபடியே. முகத்தைத் துடைத்தபோது கண் சிவந்திருந்தது, குரல் காய்ந்திருந்தது.

"நாளைக்குக் காலையில நான் அவருக்கு டீ போட்டுக் கொடுப்பேன். எதுவும் தெரியாத மாதிரி. ஓட்டைவாய் சார், நாளைக்கு வரைக்கும் உங்க வாயை..."

"தெச்சாச்சு டாக்டர்."

மறுநாள் காலை வெயில் சுள்ளென்று இருந்தது. ஊரே திரண்டிருந்தது. கேப்டன் மைக்கில் எல்லாவற்றையும் சொன்னார். குழாய் இல்லை, பீரங்கி இல்லை, ஐடியா சமையல்காரனுடையது, நான் திருடினேன் என்றார். கூட்டம் முதலில் சிரித்தது, வேடிக்கை என்று நினைத்து. பிறகு முணுமுணுத்தது. பிறகு யாரோ ஒரு பெண், "த்தூ!" என்றாள். அந்தச் சத்தம் மைக்கைவிடத் தெளிவாகக் கேட்டது. கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

முன்வரிசையில் இன்ஜின்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என் பொண்ணு ஜெயிச்சுட்டா," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடம் என் கையை அழுத்திப் பிடித்தார்.

கப்பலின் பின்பக்கம் திறப்பு விழாக் கயிறு கட்டியிருந்தது. நடுத் தூணில் ஒரு சுற்று சுற்றி இழுத்திருந்தார்கள். டாக்டரின் ஏற்பாடு. வெள்ளித்தட்டில் பெரிய கத்திரிக்கோலை நீட்டினார்கள். அவர் அதைத் தொடவில்லை.

"இந்தக் கயிறை வெட்ட எனக்குத் தகுதி இல்லை. என்னை வளத்தவர் இருக்கார். அப்பா, மேல வாங்க."

கைதட்டல் காதைப் பிளந்தது. பெரியவர் கூச்சத்தோடு மேலே வந்தார். டாக்டர் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்தார். பெரியவருடைய பெட்டிதான், கிளினிக்கில் இருந்தது. திறந்து, உளியையும் சுத்தியலையும் அவர் கையில் கொடுத்தார்.

"கத்திரி எதுக்குப்பா? உங்களுக்கு இதுதானே பழக்கம். இந்த இடத்துல வெச்சு அடிங்க. போன தடவை அடிச்ச இடம்தான். பட்டியை எடுத்துட்டேன்."

பெரியவர் தூணைப் பார்த்தார். பெயிண்டுக்கு நடுவே அந்த வெட்டு பளிச்சென்று தெரிந்தது. உளி கையிலிருந்து நழுவித் தளத்தில் விழுந்து உருண்டது. கேப்டன் வெட்டைப் பார்த்தார், உளியைப் பார்த்தார், இன்ஜின்காரர் முகத்தைப் பார்த்தார். கேப்டனுக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. "அந்தக் குரல்... நீயாடா?" என்றார். மைக் அவர் கையிலேயே இருந்தது. ஊர் முழுக்கக் கேட்டது.

"பயந்துட்டேன்மா," என்றார் இன்ஜின்காரர், மகளிடம் மட்டும். "மேல வந்து பாத்தா சப்மரீன் கிட்ட வந்துடுச்சு. படகு பாரம் இழுத்துது. ஒரு நிமிஷம்மா... ஒரே நிமிஷம். அதுக்காகத்தானே உங்க ரெண்டு பேரையும் கண்ணுல வெச்சுக் காப்பாத்தினேன்?"

"பயந்தது ஒரு நிமிஷம். சரி, மன்னிச்சிருப்பேன். 'ஓடிட்டான்'னு கத்துனீங்களே, அது எத்தனை வருஷம்? அம்மா 'அதை அணைச்சியா'ன்னு கேக்கும்போதெல்லாம் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்களே, அவகிட்டேயாவது சொல்லியிருக்கலாம். கேப்டனை வெறுக்க எனக்குச் சோறு ஊட்டற மாதிரி ஊட்டி விட்டீங்களே, என்கிட்டேயாவது சொல்லியிருக்கலாம்."

 

டாக்டர் உளியை எடுத்தார். சரியாக அந்த வெட்டின் மேல் வைத்தார். ஒரே அடி. டங்! கயிறு துண்டாகி இரண்டு பக்கமும் விழுந்தது. ஒரு முனையை எடுத்துப் பார்த்தார். தட்டையாக, ஒரே கோட்டில். அதை இன்ஜின்காரர் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

"இது உங்களுக்கு. வீட்டுல எங்கம்மா பேர் சொல்லாத சாமான் ஒண்ணு இருக்கு. அதுக்குப் பேர் அடுப்பு." கூட்டம் முழுக்கக் கேட்கும்படி, அழுத்தம்திருத்தமாகச் சொன்னார். "அந்த அடுப்புல இனிமே உங்களுக்குச் சோறு இல்லை."

அப்புறம் படகுக் கொட்டகைக்குப் போய், அந்தத் தீய்ந்த விளக்குக்குப் புதுத் திரி போட ஆரம்பித்தார். நான் எண்ணெய் வாங்க ஓடினேன்.